வேணியர் இடுக்கிக்குப் பட்ட கடன்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க் குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவது என்று நாம் பெரிதும் மயங்கினோம். கல்லூரியின் பெருமைகளை எழுத உடன் பயின்றோர் பலருளர். நாமோ அதன் பௌதிக ஆய்வுகூடத்து மேசையொன்றிற்குப் பட்ட கடனையே எழுத விழைகின்றோம். அக்கடனை எமக்கு நினைவூட்டியது, கனடாவில் எமது இல்லத்தின் நிலவறைக்கென நாம் வாங்க முனைந்த ஒரு சிறு மின்பொறியாகும்.

துவக்கு என்னும் சொல் மாத்தளை மக்களுக்குப் புதியதன்று. 1848ஆம் ஆண்டில், ஆளுநர் டொரிங்டன் காலத்தில் விதிக்கப்பட்ட வரிகளுள் துவக்கு வைத்திருப்போர் செலுத்தவேண்டிய கட்டணமும் ஒன்று. அவ்வரிகளை எதிர்த்து மூண்ட கிளர்ச்சி மாத்தளையைப் பற்றிக்கொண்டதும், அதன் தலைவருள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஓகஸ்டில் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாம் பாடப் புத்தகத்திற் படித்தவையே. எமது இளமையில் நாம் கண்ட துவக்குகளோ மிளகுத் தோட்டத்தையும் மரவள்ளிக் கொல்லையையும் காட்டுப் பன்றியினின்று காப்பதற்காக அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருந்தவை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் நிலவும் இலங்கையில், வீட்டிலிருந்து தோட்டா நிரப்புவதை எவரும் எண்ணியும் பார்ப்பதில்லை, அதுவே நன்று.

நாம் குடியேறிய கனடாவில் நிலைமை வேறு. முறையாகப் பயின்று அனுமதி பெற்றவர், தமது பயன்பாட்டுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற பின்னர் இலக்குச் சுடுவோர் கழகமொன்றில் நாம் சேர்ந்தோம். எமது கையிலிருப்பது .303 லீ என்பீல்ட் துவக்கு. டொரன்டோவை அடுத்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில், 1941இல் உற்பத்தி தொடங்கிய வகையைச் சேர்ந்தது. மாத்தளைப் பொலிஸ் நிலையத்து வாயிலிற் காவலர் ஏந்தி நிற்க நாம் சிறுவராய் அஞ்சிப் பார்த்ததும் இதன் உறவே. இப்போது நாம் சுடுவது கடதாசி இலக்கை மட்டுமே.

தோட்டாவின் கூடு நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கலந்த பித்தளையாலானது. சுட்டபின் அதனைச் சீர்செய்து மீண்டும் மீண்டும் நிரப்பலாம். ஆயின், வெடிப்பின் அழுத்தத்தாலும், பின்னர் அச்சிலிட்டு அளவுக்குக் கொணர்வதாலும், பித்தளை சிறிது சிறிதாக முன்னோக்கி நீள்கின்றது. .303 கூட்டின் நீளம் 2.222 அங்குலத்தை விஞ்சலாகாது, விஞ்சினால் 2.212 அங்குலமாகச் சீவிவிடல் வேண்டும். சீவாது விட்டால் கூட்டின் வாய் குழலின் தொடக்கத்தில் நெருக்குண்டு, குண்டினை எளிதில் விடாது பற்றிக்கொள்ளும். அழுத்தம் வரம்பு கடந்து ஏறும். சுடுபவரின் கண்ணும் கன்னமும் அந்த அறைக்குச் சாணளவு தூரத்திலேயே உள்ளன என்பதை மறத்தலாகாது.

பல ஆண்டுகளாக நாம் கைச்சீவியையே கையாண்டு வந்தோம். கூட்டினைப் பிணித்து, வெட்டலகைக் கையாற் சுழற்றி, பின்னர் வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குதல் என ஒவ்வொரு கூட்டுக்கும் ஓரிரு நிமிடம் செல்லும். முந்நூறு கூடுகள் சேர்ந்தபோது முதுமையுற்ற மணிக்கட்டு மறுத்துவிட்டது. ஆகவே மின்பொறி நாடினோம். நாடிய பின்னரே, பொறிகள் அடிப்படையில் இருவகைப்படும் என அறிந்தோம். ஒருவகை, கூட்டின் தோளைத் தாங்கலாகக் கொண்டு அங்கிருந்து அளந்து வெட்டும். ஜிராட் பொறி இவ்வகையினது. கூட்டினைக் கையாற் பிடித்து உள்ளே தள்ளிய சில நொடிகளில் நீளமும் குறையும், பிசிறும் நீங்கும். மற்றொரு வகை, கூட்டின் அடிவிளிம்பைப் பற்றிக்கொண்டு அங்கிருந்து வாய்வரை அளந்து வெட்டும், ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தாரின் டிரிம் புரோ இத்தகையது. இதன் வேகம் குறைவு.

வேகத்தில் மயங்கிய நாம், நண்பர் ஒருவரிடம் முதல்வகைப் பொறியொன்றை இரவல் பெற்றோம். முதல் ஐந்து கூடுகளை அளந்து பார்த்தோம். ஐந்தும் சரியாக இருந்தன. எஞ்சியவற்றை அளவாது வெட்டித் தள்ளினோம். அவற்றுள் வேறொருவர் துவக்கிற் சுட்ட கூடுகளும் கலந்திருந்ததை நாம் பொருட்படுத்தவில்லை. நாம் கூட்டின் கழுத்தை மட்டுமே அச்சிலிட்டுச் சீர்செய்பவர், தோளைத் தொடுவதில்லை. போர்க்காலத்து .303 துவக்குகளின் அறைகளோ ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. தோள் முன்தள்ளிய கூட்டில், தோளிலிருந்து சரியாக வெட்டினும் மொத்த நீளம் மிகும். இஃது எமக்கு விளங்கியது சுடுகளத்திலேதான். ஒரு தோட்டாவை இட்டு போல்ட்டை மூடியபோது அது பாதியில் நின்றது. கை தானாகவே அதனை அழுத்த முற்பட்டது. ஆனால் நாம் நிறுத்தினோம். தோட்டாவை வெளியில் எடுத்தோம். வீடு சென்று அளந்தபோது அதன் கூடு 2.229 அங்குலம் இருந்தது. அன்றிரவு, நிரப்பிய அத்தனை தோட்டாக்களையும் பிரித்துவிட்டோம். தவறு பொறியினுடையதன்று, எம்முடையதே.

ஆய்வுகூடத்தில் எமது பௌதிக ஆசிரியர் வேணியர் இடுக்கியை முதன்முதற் கையிற் கொடுத்த நாளில், அதன் தாடைகளை மூடச் செய்து பூச்சிய வழுவைக் குறிக்கச் சொன்னார். பின்னர் ஒரு கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளக்கச் செய்தார். "ஓரிடத்தில் அளந்தாற் போதாதா, சேர்?" என்று வினவினோம். "கம்பி முழுவதும் ஒரே பருமன் என்று உமக்கு யார் சொன்னது, தம்பி?" என்றார். அன்று நகைத்தோம். ஐந்து கூட்டை அளந்து முந்நூற்றை நம்பிய அன்றோ எமக்கு நகைப்பு வரவில்லை.

முடிவில் நாம் வாங்கியது அடிவிளிம்பைப் பற்றும் மெதுவான பொறியையே. தோளைத் தொடாது சீர்செய்யும் எம்போன்றார்க்கு அதுவே பொருந்தும். கூடு முழுவதையும் அச்சிலிட்டுத் தோளையும் ஒரே நிலைக்குக் கொணர்ந்து, ஆயிரக்கணக்கிற் சீவுவோர் விரைவுப் பொறியைத் தயங்காது தெரியலாம். எதனைத் தெரிவதாயினும், தமது கூட்டில் எது மாறாதது என்பதை முதலில் ஆராய்ந்து, அங்கிருந்து அளக்கும் பொறியைத் தெரிக. மின்விசை மணிக்கட்டின் நோவைத் தீர்க்கும். அளக்கும் பொறுப்பைத் தீர்க்காது. இன்று பொறியருகே இடுக்கியும் இருக்கின்றது. தாடைகளை மூடிப் பூச்சியம் பாராது நாம் வேலை தொடங்குவதில்லை. அளவாத கூடு எதுவும் எம் மேசையைத் தாண்டுவதுமில்லை.

எமது கண்ணைக் காத்தது அவ்வாய்வுகூடமே. அதற்கு இச்சிறு கட்டுரை எமது காணிக்கை. கல்லூரி அன்னை நீடு வாழ்க!