முந்திப் பிந்தி ஒலிக்கும் வீடு

எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களில் ஒரு வீட்டின் மண்டபத்துக்குள் நுழைந்தாலே, அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்த நாடுகளில் தொழில் பார்க்கிறார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். மூத்தவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் ஒரு மூலையில் இருக்கும். இளையவர் சவூதியிலிருந்து கொண்டுவந்தது அலுமாரியின் மேல் இருக்கும். மருமகன் துபாயில் வாங்கியது சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடுமுறையில், ஒவ்வொரு பயணப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தவை. ஒருவர் வாங்கும்போது மற்றவரிடம் கேட்டு வாங்குவதில்லை. வயர் வேண்டாம், வைஃபை இருந்தால் போதும், வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று எல்லாப் பெட்டிகளின் மேலும் எழுதியிருக்கும். எல்லாமே தங்கள் கம்பனியின் பெட்டிகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அங்கே எழுதப்பட்டிருக்காது.

எங்கள் வழக்கப்படி தாய் வீடு பெண் பிள்ளைக்குரியது. ஆகவே எங்கள் உம்மா என் தங்கையுடன் அறுகம்பேயில் இருக்கிறார். 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோன வீட்டின் இடத்தில் எழும்பிய வீடு அது. முன்பக்கத்து நான்கு அறைகளை, அலைச்சறுக்கலுக்காக ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வரும் வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதனைப் பார்த்துக்கொள்பவர் தங்கையின் மகன். அந்த வீட்டில் இன்று 4 கம்பனிகளின் 5 ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இவை போதாதென்று, வாப்பாவின் காலத்து அம்பிளிபயர் ஒன்றும் இரண்டு மரப் பெட்டிகளும் உம்மாவின் அறையில் உண்டு.

காலையில் உம்மாவுக்கு கிறாஅத் கேட்க வேண்டும். மருமகன் தன் கைத்தொலைபேசியிலிருந்து மண்டபத்து ஸ்பீக்கருக்கும் உம்மாவின் அறைக்கும் சேர்த்து அனுப்பிப் பார்த்தார். ஒலி வந்தது. ஆனால் மண்டபத்தில் ஓதப்பட்ட சொல், அறைக்குள் கால் செக்கன் பிந்தி மீண்டும் வந்தது. உம்மா சொன்னார்:

"ரெண்டு பேர் முந்திப் பிந்தி ஓதுறாப் போல கெடக்கு மகன். ஒண்ட நிப்பாட்டுங்க."

பாட்டென்றால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். குர்ஆன் ஓதும்போது ஓர் எழுத்தை எவ்வளவு நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதற்கெல்லாம் விதி உண்டு. செவிதாழ்த்திக் கேட்க வேண்டிய ஒன்று, ஒன்றையொன்று மிதிக்கும் இரண்டு குரல்களாக வருமானால் அதைக் கேட்பதும் கேளாமல் இருப்பதும் ஒன்றுதான்.

மருமகன் கண்ட தீர்வு, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே கம்பனியின் பெட்டிகளை வாங்குவது. கொழும்பில் விலை விசாரித்திருந்தார். ஒரு சீசனில் அறைகளிலிருந்து வரும் வருமானத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும் போலிருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்ட நாடு இது. இங்கே பல கம்பனிப் பெட்டிகளை ஒன்றுசேர்ப்பது பொழுதுபோக்கு அல்ல. இருப்பதை வைத்துச் சமாளிக்கும் குடும்பக் கணக்கு. அதனால்தான் இந்த விடயத்தைக் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

என் வயதையொத்தவர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். எழுபதுகளில், எண்பதுகளில் இந்தச் சிக்கல் ஏன் இருக்கவில்லை? கல்முனைத் தெருவொன்றில் நடந்து போனால், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பாட்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, ஓர் அடியும் விடுபடாமல் நம்முடன் கூடவே வரும். நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையும் அப்படித்தான். ஒரு வீட்டில் பிலிப்ஸ், அடுத்த வீட்டில் நஷனல், அதற்கடுத்த தேநீர்க் கடையில் பெயர் அழிந்துபோன ஏதோ ஒன்று. எல்லாம் ஒரே குரலில் பேசின.

காரணம் எளிது. வானொலி அலை ஒரு செக்கனில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்புக் கலையகத்திலிருந்து எங்கள் கரைக்கு வர ஒரு மில்லி செக்கன்கூட ஆகாது. அன்றைய வானொலிப் பெட்டி வந்ததை அப்படியே ஒலியாக்கியது. சேமித்து வைத்துப் பின்னர் ஒலிக்கும் வேலை அதற்கு இல்லை. அந்த அலையை வாங்கி ஒலியாக்கும் முறையும் பகிரங்கமானது. எந்தக் கம்பனியும் பெட்டி செய்யலாம். எந்தப் பெட்டியும் கேட்கலாம்.

இன்றைய வைஃபை ஸ்பீக்கர் அப்படியல்ல. அது பாட்டைச் சிறு சிறு பொட்டலங்களாக வாங்கி, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னுள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஒலிக்கிறது. எவ்வளவு நேரம் சேர்த்து வைப்பது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். புளூடூத்தில் 200 மில்லி செக்கன் அளவு தாமதம் சாதாரணம். வைஃபை முறைகள் சிலவற்றில் 2 செக்கன் வரை போகும்.

சரி, இரண்டையும் ஒரே கணத்தில் தொடக்கிவிட்டால் போதாதா? போதாது. மலிவான கடிகாரப் படிகம் ஒன்று பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழைவிடலாம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு மணித்தியாலத்தில் அது 180 மில்லி செக்கன். சேர்ந்து புறப்பட்ட இரண்டு பெட்டிகள் ஒரு மணித்தியாலத்தில் எதிரொலி போலப் பிரிந்துவிடும். ஆகவே ஒரு பெட்டி தலைமை தாங்கி, மற்றவற்றின் கடிகாரங்களை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல அறைகளில் ஒரே பாட்டு என்பதன் சூட்சுமம் முழுவதும் இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கம்பனியும் அதைத் தன் சொந்த மொழியில் செய்கிறது. அடுத்த கம்பனிக்கு அந்த மொழி தெரியாது.

நம் காது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதை 1949 இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜேர்மானியர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் காட்டினார். ஒரே பேச்சு இரண்டு இடங்களிலிருந்து சுமார் 30 மில்லி செக்கனுக்குள் முந்திப் பிந்தி வந்தால் காது அதனை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போகப் போக இரண்டாகப் பிரித்துவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர்தான் நகரும். அதாவது 15 மீற்றர் முற்றத்தைக் கடக்கவே 40 மில்லி செக்கனுக்கு மேல் ஆகிறது. தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கு சற்றுப் பிந்தி வந்து சேர்வதும் இதனால்தான். எனவே எவ்வளவு விலையுயர்ந்த பெட்டிகளாக இருந்தாலும், வெளி முற்றத்தில் தூரத் தூர வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலிதான் மிஞ்சும்.

கம்பனிகளின் மொழிகள் பற்றியும் சொல்ல வேண்டும். இவற்றுள் சில மொழிகளை மற்றவர்களும் பேச அனுமதி உண்டு. ஆப்பிள் 2018 இல் வெளியிட்ட ஏர்பிளே 2 பல கம்பனிகளின் ஸ்பீக்கர்களில் இருக்கிறது; அவற்றை ஒரே கூட்டத்தில் சேர்க்கலாம். ஆனால் அனுப்பும் கைத்தொலைபேசி ஆப்பிளாக இருக்க வேண்டும். கூகுளின் முறையும் பல கம்பனிகளில் உண்டு. எங்கள் ஊரில் பெரும்பாலானோர் கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசிக்கு அதுவே இயல்பு. இந்த இரண்டு மொழிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

பேசாமல் இருப்பதோடு அவர்கள் நிறுத்தவுமில்லை. 2020 ஜனவரியில் சோனோஸ் நிறுவனம் கூகுள் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணைக்குழு சோனோஸின் பக்கம் தீர்ப்பளித்தது. அதையடுத்து, ஸ்பீக்கர் கூட்டமொன்றின் சத்தத்தை ஒரே தடவையில் கூட்டிக் குறைக்கும் வசதியைக் கூகுள் எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களின் பெட்டியிலிருந்து, ஒரு நாள் காலையில் ஒரு வசதி மறைந்துபோனது.

இன்னோர் உதாரணமும் உண்டு. பழைய அம்பிளிபயரையும் வைஃபைக்குள் கொண்டுவர உதவிய குரோம்காஸ்ட் ஓடியோ 2015 இல் 35 டொலருக்கு வந்தது. 2019 இல் அதன் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் அதற்குரிய இலத்திரனியல் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, உலகெங்கும் நல்ல நிலையிலிருந்த பெட்டிகள் திடீரென வேலை செய்ய மறுத்தன. சில நாட்களில் கூகுள் அதனைத் திருத்திக் கொடுத்தது. வாப்பாவின் அம்பிளிபயருக்கு அப்படி ஒரு சான்றிதழ் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

கடைசியில் அறுகம்பே வீட்டில் என்ன செய்தோம்? கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் ஒருவர் கல்முனையிலிருந்து வந்தார். முதலில் பெட்டிகளின் பெயர்களைப் பார்க்காமல், அவை பேசும் மொழியைப் பார்த்துப் பிரித்தார். கூகுளின் மொழி தெரிந்தவை இரண்டு இருந்தன, வெவ்வேறு கம்பனிகளுடையவை. மண்டபமும் சாப்பாட்டு இடமும் ஒன்றுக்கொன்று காது கேட்கும் தூரம் என்பதால் அவற்றை அங்கே வைத்து ஒரு கூட்டமாக்கினார். புளூடூத் மட்டும் உள்ள இரண்டையும் கூட்டத்துக்கு வெளியே, தனித்தனி அறைகளுக்குக் கொடுத்தார். கதவு மூடிய அறையில் ஒரு செக்கன் முந்தினாலென்ன, பிந்தினாலென்ன? ஆப்பிளின் மொழி மட்டும் தெரிந்த ஒன்றை விருந்தினர் வராந்தாவில் வைத்தார். ஆப்பிள் தொலைபேசிகள் அங்கேதான் அதிகம். வராந்தாவின் சத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும் என்பது தங்கையின் கட்டளை.

உம்மாவின் அறையை அவர் எதனுடனும் சேர்க்கவில்லை. அம்பிளிபயரின் பின்பக்கத்து வயர் துளையில் ஒரு சிறு பெட்டியைச் செருகி, உம்மாவுக்கென்று தனியாக ஒரு வழி செய்தார். காலையில் கிறாஅத் அங்கே மட்டும் ஒலிக்கிறது. மண்டபம் அந்த நேரம் மௌனமாக இருக்கிறது. புதிதாக வாங்கியது அந்தச் சிறு பெட்டி ஒன்றுதான்.

வாசகர்களில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறீர்கள். ஊருக்குப் போகும்போது ஸ்பீக்கர் வாங்குவீர்கள். வாங்குமுன் வீட்டில் ஏற்கெனவே இருப்பது எந்த முறையில் இயங்குகிறது, வீட்டாரின் கையில் என்ன தொலைபேசி என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வயர் செருகும் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கம்பனி கைவிட்ட பிறகும் அந்தத் துளை வேலை செய்யும். இடம் வலமாக ஒரே அறையில் வைக்கும் சோடி மட்டும் ஒரே கம்பனியின் ஒரே ரகமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் குரலின் நிறம் மாறும். கணினியில் கைதேர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, எந்தக் கம்பனியின் பழைய பெட்டிகளையும் மில்லி செக்கன் பிசகாமல் ஒலிக்க வைக்கலாம். அந்த மென்பொருளின் மூலநிரல் பகிரங்கமானது.

2022 இல் புளூடூத் அமைப்பு 'ஒளரகாஸ்ட்' என்ற பெயரில் ஒரு முறையை அறிவித்தது. ஒரு கருவி ஒலியைப் பொதுவில் பரப்பும். எந்தக் கம்பனியின் ஸ்பீக்கரும், செவிப்புலன் கருவியும்கூட, அந்த முறையை ஏற்றிருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம். இத்தனை சுற்றுச் சுற்றிவிட்டு, நாம் முன்பு ஒலிபரப்பு என்று அழைத்த இடத்துக்கே பொறியியலாளர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். வரட்டும். கல்முனைத் தெருவில் பிலிப்ஸும் நஷனலும் சேர்ந்து பாடியதைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.