அரைமண்டிக்கு மோட்டார் இல்லை

கல்லூரி மாணவர்கள் வாங்குகிற மலிவான மனித உருவ ரோபோ கிட்டில் பெரும்பாலும் 17 சர்வோ மோட்டார்கள் இருக்கும். காலுக்கு ஐந்தாகப் பத்து, கைக்கு மூன்றாக ஆறு, தலைக்கு ஒன்று. இந்தக் கணக்கில் ஒரு மோட்டாருக்கு இடமே இல்லை. தொடையை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்புகிற மோட்டார். நடக்கவோ, பந்து உதைக்கவோ, குத்துப்பாட்டுக்குக் கையை ஆட்டவோ அது வேண்டாம். பரதநாட்டியத்தின் முதல் வகுப்பிலேயே அது வேண்டும். பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி, முட்டி இரண்டும் விரிந்து, முதுகு நிமிர்ந்தபடி உடம்பு மட்டும் கீழே இறங்கும் அரைமண்டி அந்தத் திருப்பத்தில்தான் ஆரம்பிக்கிறது.

காசு அதிகம் போட்டாலும் பெரிதாக மாறுவதில்லை. பிரான்ஸின் அல்டெபரான் நிறுவனம் செய்த நாவோ ரோபோ 58 சென்டிமீட்டர் உயரம், 25 மூட்டு அசைவுகள். 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் இருபது நாவோக்கள் ஒன்றாக ஆடிய வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இரண்டு தொடைகளைத் திருப்ப ஒரே மோட்டார்தான், அதுவும் 45 டிகிரி சாய்வாக. தொடையைத் திருப்பினால் கால்களும் கூடவே சாய்ந்துவிடும். நிமிர்ந்த முதுகோடு அரைமண்டி அதன் உடம்பில் கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ரோபோ நடனப் போட்டிக்கு நடுவராகப் போனதால்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். இந்தப் போட்டி வடிவம் புதிதல்ல. பள்ளி மாணவர்களுக்கான ரோபோகப் ஜூனியரில் 2000லேயே, மெல்போர்னில், நடனப் பிரிவு இருந்தது. பிறகு அதை ஆன்ஸ்டேஜ் என்று பெயர் மாற்றினார்கள். மேடையில் ஆடிக்காட்டினால் மட்டும் போதாது, கோடு எப்படி வேலை செய்கிறது என்று நடுவரிடம் உட்கார்ந்து விளக்கவும் வேண்டும். நாங்களும் அப்படித்தான் நடத்தினோம்.

எட்டு குழு. ஏழு குழு சினிமாப் பாட்டு. எட்டாவது குழுவில் இரண்டு பெண்கள், அலாரிப்பு.

அரைமண்டிக்கு அவர்கள் செய்த தந்திரம்: தொடையைத் திருப்ப முடியாது, அதனால் காலை அகட்டி முட்டியை மடக்கிவிட்டார்கள். பார்க்க, பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரத் தயங்குகிறவர் மாதிரி இருந்தது. அரங்கமே சிரித்தது. ஆனால் விழவில்லை. உடம்பின் எடை மையம் பாதங்களுக்கு நடுவே விழும்வரை ரோபோ நிற்கும், விளிம்பைத் தாண்டினால் கவிழும். நம்ம ஊர்த் தலையாட்டி பொம்மை இந்தப் பிரச்சினையை ஒரு வரி கோடு இல்லாமல் தீர்த்துவிட்டது: அடியில் கனம், உருண்டையான அடிப்பாகம். என்ன, அதற்குக் கால் இல்லை.

அவர்களில் ஒருத்தி சின்ன வயதிலிருந்து நடனம் கற்றவள். அவளுடைய டீச்சர் ஆடுவதை போனில் எடுத்து, மென்பொருளால் மூட்டுகளின் கோணங்களைப் பிரித்து, முக்கியமான நிலைகளை மட்டும் டைம்லைனில் அடுக்கியிருந்தார்கள். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியை கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். எல்லாக் குழுவும் செய்தது இதைத்தான்.

டீச்சரும் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஆடி முடிந்ததும் பக்கத்தில் போய், "எப்படி டீச்சர் இருந்துச்சு?" என்றேன்.

"நிக்கிறதெல்லாம் சரியா நிக்குது தம்பி. ஒன்னுலேருந்து ஒன்னுக்குப் போகுதுல்ல, அங்கதான் ஒன்னையும் காணும்." கொஞ்ச நேரம் கழித்து, "கடைசியில தாளம் ஒரு பக்கம் அது ஒரு பக்கம் போயிடுச்சு, பார்த்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். பாட்டையும் ரோபோவையும் ஒரே நொடியில் ஸ்டார்ட் செய்தார்கள். அதோடு இரண்டுக்கும் உறவு முடிந்தது. பேட்டரி இறங்கும், மோட்டார் சூடாகும், ஒவ்வொரு அசைவும் துளி தாமதமாகும். இரண்டு நிமிடத்தில் அந்தத் துளிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு சேர்ந்துவிடும். நட்டுவனார் இருக்கிற மேடையில் இது நடக்காது. அவர் கண் ஆடுகிறவரின் காலில், கை தாளத்தில். கால் தயங்கினால் கை பிடித்துக் கொடுக்கும். எங்கள் தொழிலில் இதற்கு மூடிய சுற்று என்று பெயர். வெளியே என்ன நடக்கிறது என்ற தகவல் திரும்பி உள்ளே வரவேண்டும்.

டீச்சர் சொன்ன முதல் விஷயம் பெரிய கோயிலிலும் இருக்கிறது. விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு 81 முடித்திருக்கிறார்கள். மிச்சம் 27 கல் வெறுமையாக நிற்கிறது. கரணம் என்பது உறைந்த நிலை அல்ல, அசைவு என்பதைப் பத்மா சுப்ரமணியம் பல வருட ஆய்வில் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்லில் ஓர் அசைவுக்கு ஒரு கணம்தான் காட்ட முடியும். முன்னும் பின்னும் ஆடுகிறவரிடம் இருந்தது.

அந்த ஆடுகிறவர்களும் அதே கோயிலில், கீழே, கல்வெட்டில் இருக்கிறார்கள். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள்: பெயர், எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்கிறவருக்கு இரண்டு பங்கு. அந்த நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். நெல் அளக்கிற பாத்திரத்துக்கு ஆடுகிற சாமியின் பெயர் வைத்த ஊர் இது.

2000களில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இகெயுச்சியின் ஆய்வுக்குழு ஐசு பாண்டைசான் என்ற நாட்டுப்புற ஆட்டத்தைப் பதிவுசெய்து 154 சென்டிமீட்டர் உயர எச்.ஆர்.பி-2 ரோபோவை ஆடவைத்தது. கற்றுக்கொள்ள ஆள் குறைகிறது, ரோபோவிலாவது இருக்கட்டும் என்பது நோக்கங்களில் ஒன்று. எனக்கு அந்த வேலைமேல் மரியாதை உண்டு. ஆனாலும் உறுத்துகிறது. ஆட்டத்தைப் பாதுகாப்பது வேறு, ஆடுகிறவருக்குப் பங்கு கொடுப்பது வேறு.

அந்தப் பெண்களின் ஸ்லைடில் மென்பொருள், மோட்டார் கம்பெனி, துறைத்தலைவர், முதல்வர் எல்லோர் பெயரும் இருந்தது. டீச்சர் பெயர் இல்லை. கேட்டேன். "அது டேட்டா சார்," என்றாள் ஒருத்தி, சாதாரணமாக. மற்றவள், டீச்சரிடம் கற்றவள், தலையைக் குனிந்துகொண்டாள். மதிப்பெண் தாளில் இதற்குக் கட்டம் எதுவும் இல்லை. நானாக ஒரு கோடு கிழித்து, அசைவுகள் யாருடையவை என்று எழுதி, பக்கத்தில் டீச்சர் பெயரைப் போட்டேன். இன்னொரு நடுவர், "இதுக்கு எவ்வளவு மார்க் சார்?" என்றார். அந்தக் குழுவுக்கு மூன்றாம் பரிசுகூட வரவில்லை. கடைசி நிமிடத்தில் தாளம் விட்டதற்கு நானே குறைத்திருந்தேன்.

போன மாதம் மெசேஜ் வந்தது. கோடின் முதல் வரியில் டீச்சர் பெயர் இருந்தது. பாட்டை எடுத்துவிட்டார்களாம். இப்போது டீச்சர் தட்டுக்கழியால் தட்டுவதை மைக்கில் கேட்டு ரோபோ அடுத்த அடி வைக்கவேண்டும். சிக்கல் என்னவென்றால், மைக் ரோபோவின் நெஞ்சிலேயே இருக்கிறது. முட்டி மடங்குகிற இரைச்சலையே தட்டு என்று எடுத்துக்கொண்டு, யாரும் தட்டாமலே ஆடிக்கொண்டு போகிறது. மைக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டுப்பலகைக்கு அடியில் அதிர்வு சென்சார் ஒட்டிப் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.