லாமிங்டன் சாலையில் ஒரு பழஞ்சில்லு வேட்டை

மாட்டுங்கா ரோடு நிலையத்தில் மெதுவண்டியில் ஏறி, மும்பை சென்ட்ரலுக்கு அடுத்த கிராண்ட் ரோடில் இறங்கிக் கிழக்கு வாயில் வழியே சிறிது தூரம் நடந்தால் லாமிங்டன் சாலை வந்துவிடும். 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராயிருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அது. பலகையில் டாக்டர் தாதாசாகேப் பத்கம்கர் மார்க் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆயினும் கடைக்காரர் வாயிலும் டாக்ஸிக்காரர் வாயிலும் பழைய பெயரே வழங்குகிறது.

முகப்பில் காமிராக்களும் மடிக்கணினிகளும் பளபளக்கும். நாம் தேடிச் செல்வது அவற்றையன்று. இரண்டு கட்டிடங்களுக்கிடையே ஓராள் மட்டுமே நுழையக்கூடிய சந்துகளில், சுவர் முழுவதும் சிறு இழுப்பறைகளாகக் கொண்ட கடைகள் உள்ளன. அவற்றில், யாரும் கேளாத ஐ.சி. சில்லுகளை ஊறுகாய் ஜாடிகளில் போட்டு வைத்திருப்பார்கள். 1958இல் ஜாக் கில்பி அமெரிக்காவில் முதன்முதல் செய்து காட்டிய ஒருங்கிணைந்த சுற்றின் வழித்தோன்றல்கள் அவை. மொஹாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கி, 1989இல் பெருந்தீக்கு இரையான நம் நாட்டுத் தொழிற்சாலையின் சில்லு ஒன்றேனும் அகப்படாதா என்று ஒவ்வொரு முறையும் துழாவுவோம். இதுவரை அகப்படவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் மகளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தோம். முதிய குஜராத்திக்காரர் ஒருவரின் கடை. ஜாடியைக் கவிழ்த்ததும் பதினான்கு கால் கொண்ட கரிய சில்லுகள் பன்னிரண்டு ஒரே வகையாகக் கிடைத்தன. கால்களெல்லாம் கறுத்திருந்தன. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அக்காலத்தில் கால்களுக்கு வெள்ளிப் பூச்சிடுவார்கள்; கொலுசு கறுப்பது போலவே அதுவும் கறுக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போதும். முதுகில் 7408 என்ற எண் தெளிவாயிருந்தது. அது 'ஆண்ட்' கதவுகள் நான்கு கொண்ட சில்லு. இரண்டு உள்வாயிலும் உயர்நிலையில் இருந்தால் மட்டுமே வெளிவாய் உயரும். விலை பேசி வாங்கி வந்தோம்.

இரவில் பிரெட்போர்டில் ஒன்றைச் செருகி, ஏழாம் காலுக்குத் தரையும் பதினான்காம் காலுக்குக் கைப்பேசிச் சார்ஜரிலிருந்து ஐந்து வோல்ட்டும் கொடுத்தோம். முதலிரண்டு கால்களையும் கம்பியால் நேரே ஐந்து வோல்ட்டுடன் இணைத்தோம். மூன்றாம் காலில் மின்னழுத்தம் உயரவில்லை. சில நொடிகளில் சில்லு விரலைச் சுட்டது. கெட்ட சரக்கு போலும் என்று இரண்டாவதைச் செருகினோம். அதுவும் சுட்டது, அதுவும் போயிற்று.

போலிச் சில்லுகளைப் பற்றிப் படித்திருந்தோமல்லவா? மலிவான சில்லின் முதுகைச் சுரண்டிவிட்டு வேறு எண் அச்சிட்டு விற்பவர்கள் உலகெங்கும் உண்டு. மறுவாரமே சென்று, கடையில் நாலைந்து பேர் நிற்கையில், "இது போலிச் சரக்கு, சேட்ஜி" என்று உரக்கவே சொல்லிவிட்டோம்.

அவர் சினங்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு சில்லை எடுத்து, அதன் முதுகில் வாயால் ஆவி ஊதி, விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தார். தேய்ந்துபோன மேல்வரி, படிந்த ஆவியில் கணநேரம் எழுந்து மறைந்தது: எஸ்.என். 7402. நாம் எண் என்று படித்தது கீழ்வரியை. அது தேதிக் குறி. 1974ஆம் ஆண்டின் எட்டாவது வாரம்! "பிப்ரவரி மாசம், அப்பா" என்றாள் மகள், நம்மைப் பாராமலே.

7402 'நார்' வகை. அதில் முதற்கால் உள்வாயன்று, வெளிவாய். இரண்டாம் காலை உயர்த்தியவுடன் முதற்கால் தாழ முயன்றிருக்கிறது. நாமோ அதை ஐந்து வோல்ட்டுடன் கட்டி வைத்திருந்தோம். அரை நூற்றாண்டுக் காலம் பழுதின்றி இருந்தவற்றை நாமே பொசுக்கிவிட்டோம். ஒரு கிலோ-ஓம் மின்தடை வழியே இணைத்திருந்தால் அத்தவற்றிலும் சில்லு பிழைத்திருக்கும். இத்தகைய சில்லின் உள்வாய், உயர்நிலையில் இழுக்கும் மின்சாரம் மிக அற்பமே. இப்போது அவ்வாறே செய்கிறோம்.

நாம் உரக்கச் சொன்னதைக் கேட்டவர்களுள் இருவர் இன்னும் அங்கேயே நின்றார்கள். அவர்கள் செவிபடவே மன்னிப்புக் கேட்டோம். அவர் கையை அசைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பினார். பொசுங்கிய இரண்டிற்கு ஈடாக வேறு இரண்டு தரட்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

எஞ்சிய பத்தையும் அன்றிரவு முறையாகச் சோதித்தோம். இவ்வகையில் ஒரு நுணுக்கமுண்டு: இணைக்காமல் விட்ட உள்வாய் தாழ்நிலையில் இராது; உயர்ந்திருப்பதாகவே நடந்துகொள்ளும். ஆகையால் தாழ வேண்டியதைத் தரையோடு கட்டியே தீரவேண்டும். விளக்கையும் வெளிவாயிலிருந்து தரைக்கு இணைத்தால் மங்கலாகவே எரியும். ஐந்து வோல்ட்டிலிருந்து 470 ஓம் மின்தடை வழியே வெளிவாய்க்கு இணைத்தால், வெளிவாய் தாழும்போது பளிச்சென்று எரியும். ஒளி வந்தால் தாழ்வு என்று தலைகீழாகப் படிக்க வேண்டும். இதை மகள் நம்மைவிட விரைவில் பழகிக்கொண்டாள்.

ஒன்பது சில்லுகளில் நான்கு கதவுகளும் ஒழுங்காக வேலை செய்தன. பத்தாவதில் மூன்றாம் கதவு மட்டும் என்ன கொடுத்தாலும் தாழ்ந்தே கிடந்தது. அதை எறிந்துவிடலாம் என்றோம். அவள் விடவில்லை. "மூன்று நல்லது, 1974" என்று சிறு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டி, தனியே ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டாள்.