பின் சீட்டுக்கு ஒரு பைக்!

உங்கள் பைக்கின் பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்து போயிருக்கிறீர்களா, சார்?

தெருமுனை டீக்கடை வரை போனதெல்லாம் கணக்கில் வராது. ஒரு அறுபது கிலோமீட்டர்? நண்பன் எவனையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிப் பாருங்கள். மாசாமாசம் தவணை கட்டுகிறோமே, அந்த ராஜ வாகனத்தின் மறுபக்கம் தெரியும். முதல் பத்து கிலோமீட்டரில் முழங்கால், அடுத்த பத்தில் இடுப்பு. அதற்கப்புறம் எது வலிக்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்போர்ட்ஸ் ரக வண்டிகளில் பின் சீட் என்பது ஒரு மணைப்பலகை. அதையும் மாடியில் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் குனிந்து டேங்க்கைக் கட்டிக்கொண்டு பறக்க வேண்டும், வண்டியின் வால் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், பார்க்கிறவன் மயங்க வேண்டும். இதற்காகப் பிறந்த வடிவம் அது. தனியாக ஓட்டினால் சொர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் ஒருவர் ஏறினால், ஒவ்வொரு பிரேக்குக்கும் சறுக்கிக்கொண்டு வந்து உங்கள் முதுகில் மோதுவார். உங்கள் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. அவர் கையில்? உங்கள் சட்டை!

அந்தக் காலத்து ராஜ்தூத், யெஸ்டி, புல்லட்டுக்கெல்லாம் திண்ணை மாதிரி ஒரே நீள சீட். அப்பா ஓட்ட, அம்மா பின்னால், நடுவில் தங்கச்சி, டேங்க் மேல் அண்ணன் என்று குடும்ப குரூப் போட்டோவே ஊர்வலம் போகும். (இப்போது முயற்சி செய்யாதீர்கள். பின்னால் ஒருவருக்கு மேல் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அந்த ஒருவருக்கும் ஹெல்மெட் உண்டு.)

எங்கள் வீட்டு நிலவரத்துக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது 150 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். பிரம்மச்சாரியாக வாங்கியது. மனைவிக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கியதும் அவள் கடற்கரைக் கோயிலைத் தேடவில்லை. உட்கார இடம் தேடினாள். உட்கார்ந்து பார்த்துவிட்டு, நிற்க இடம் தேடினாள்.

அதிலிருந்து மாதம் ஒருமுறை திருப்பத்தூர் போவதற்கு ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவள் சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து ஜோலார்பேட்டையில் இறங்குவாள். மறுநாள் விடியற்காலையில் நான் பைக்கில் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான், திசை மட்டும் மாறும். ரெண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் மாமனார் என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டார். செருமினார்.

"மாப்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் பிரச்னையா?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி மொட்டை மாடியில் அவள் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. எதிரே இருட்டில் ஏலகிரி மலை, உச்சியில் நாலைந்து விளக்குப் பொட்டுகள். "சின்னதிலேர்ந்து தினம் பாக்கற மலைங்க. ஸ்கூல் எக்ஸ்கர்ஷன்ல பஸ்ல ஒரு தடவை போனது. அப்பவும் எனக்கு ஜன்னல் சீட் கிடைக்கல."

சென்னை திரும்பிய அடுத்த வாரமே ஷோரூம் படியேறினோம். இரண்டு பேரும் சேர்ந்து.

அங்கே ஒரு வேடிக்கை கவனித்தேன். நாலு ஷோரூமிலும் விற்பனைப் பையன்கள் என்னையே பார்த்துப் பேசினார்கள். சிசி, கியர், எல்.இ.டி. விளக்கு எல்லாம் எனக்கு. அவள் பாட்டுக்குப் பின் சீட்டில் ஏறினாள். கால் வைத்துப் பார்த்தாள், கம்பியைப் பிடித்துப் பார்த்தாள், கைப்பையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கால்மணி நேரம். "மேடம்..." என்றான் பையன். "நீங்க அவர்கிட்ட பேசுங்க தம்பி. நான் துணுக்கு முடிச்சுட்டு வரேன்." பின் சீட் வாங்குவதற்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷத்தில் தெரியாத வலி, பதினைந்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும். மலையேறுகிற ரக வண்டி ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதில் ஏறுவதற்கே அவளுக்கு முக்காலி தேவைப்பட்டது. தள்ளுபடி!

கடைசியில் அவள் துணுக்கு முடித்து, கதையும் பாதி படித்த வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. 2020 நவம்பரில் வந்த மாடல். சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான். பின்னால் சாய்ந்துகொள்ள முதுகுப் பட்டையும் போட்டுக்கொண்டோம். இந்தக் கம்பெனிக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவு. 1955-லேயே திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டவர்கள்.

ஆபீசில் சிரித்தார்கள். "150-லேயே 19 குதிரை சக்தி இருக்கு. 350-க்கு 20-தானா? ஒரே ஒரு குதிரைக்கா ரெண்டு லட்சத்துக்கு மேல கொடுத்தே?"

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குதிரையை எண்ணாதீர்கள், இழுவையைப் பாருங்கள். 'டார்க்' என்கிறார்களே, அது. பழைய வண்டியில் சுமார் 14 நியூட்டன் மீட்டர். அதுவும் இன்ஜின் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் அலறினால்தான் முழுசாகக் கிடைக்கும். இதில் 27. நாலாயிரம் சுற்றிலேயே வந்துவிடுகிறது. பின்னால் ஐம்பத்தைந்து கிலோ மனுஷி, பையில் பத்து கிலோ. லாரியை முந்த வேண்டும், மேடு ஏற வேண்டும். சின்ன இன்ஜினில் கியரைக் குறைத்து முறுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு குலுக்கல், பின் ஹெல்மெட் முன் ஹெல்மெட்டில் 'டொக்'. இழுவை உள்ள இன்ஜினில் அதே கியரில் கொஞ்சம் முறுக்கினால் போதும். டொக் இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். எடை 191 கிலோ. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளி எடுப்பதற்குள் காலை உடற்பயிற்சி முடிந்துவிடும். கத்திப்பாரா நெரிசலில் பழைய வண்டி புகுந்த சந்துகளை இது வெளியே நின்று வேடிக்கை பார்க்கும். வேகம் எண்பது, தொண்ணூறில் சுகம். அதற்கு மேல் விரட்டினால் முகம் சுளிக்கும். பழைய வண்டியை வந்து ஓட்டிக்கொண்டு போன பையனின் முதுகைத் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு வேலை. பின் டயர் காற்றுக்கு இரண்டு கணக்கு உண்டு, தனி ஆளுக்கு ஒன்று, இரண்டு பேருக்கு ஒன்று. இரண்டாவது கணக்குக்கு அடித்தேன். பின்பக்க ஸ்பிரிங்கை ஆறு நிலைகளில் இறுக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு படி ஏற்றினேன். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் லேசாகி, ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு வேப்பமர உச்சியைத் தேடும். ஹெல்மெட்டுக்குள் பேச முடியாது என்பதால் தட்டு பாஷை ஒன்று வைத்துக்கொண்டோம். தோளில் ஒரு தட்டு, மெதுவாகப் போ. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, டீ.

சனிக்கிழமை காலை ஐந்து மணி. பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டு, பெங்களூர் நெடுஞ்சாலையில் நிமிர்ந்தோம். நாங்கள் போனபோது பல இடங்களில் சாலை வேலை. திடீர் திடீரென்று சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். நல்லவேளை, இரண்டு சக்கரத்துக்கு டோல் கிடையாது. கார்க்காரர்கள் வரிசையில் நிற்க, இடது ஓரச் சந்தில் ஓசியில் நுழைவதில் ஒரு அல்ப சந்தோஷம்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் சூரியன் வந்தது. அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஏரி என் கண்ணில் பட்டது கடைக்கண் அளவுக்குத்தான். ஓட்டுகிறவனுக்கு லாரியின் டெயில் லைட்டும் ரோட்டுப் பள்ளமும்தானே தெரியும்! இரண்டு தட்டு விழுந்தது. நிறுத்தினேன். அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "நாரை பாத்தீங்களா? பதினேழு எண்ணினேன்" என்றாள். எண்ணியிருக்கிறாள்! எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் உட்கார்ந்து எண்ணுவதற்கு, முதலில் இடுப்பு வலிக்காமல் இருக்க வேண்டும்.

வேலூரில் இட்லி. பாலாறு, பேருக்கு ஆறு, பார்வைக்கு மணல். ஆம்பூரில் பிரியாணிக் கடைகளில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நேரம். மதியம் மாமியார் வீட்டு விருந்து காத்திருந்ததால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். சாப்பாட்டு விஷயத்தில் இதைவிடப் பெரிய தியாகம் நான் செய்ததில்லை. இடது பக்கம் ஜவ்வாது மலை கூடவே வந்தது. வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு திருப்பத்தூர் ரோட்டில் திரும்பி, பொன்னேரியில் மலைப்பாதை பிடித்தோம். (மீஞ்சூர் பக்கத்துப் பொன்னேரி இல்லை, இது வேறு.)

ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் வள்ளல், புலவர் என்று தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்குப் பயந்த காலத்தில்கூட நான் இவ்வளவு பயபக்தியோடு அந்தப் பெயர்களைப் படித்ததில்லை. பின்னால் ஆள் இருக்கும்போது வளைவு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். வண்டி இடது பக்கம் சாயும்போது, பின்னால் இருப்பவர் பயந்துபோய் வலது பக்கம் நிமிர்ந்தால் போச்சு. வண்டி நேரே போகப் பார்க்கும். "என் தோளுக்கு மேல பாரு. வளைவு எந்தப் பக்கமோ அந்தத் தோள்" என்று சொல்லிவைத்திருந்தேன். உடம்பு தானாகவே வண்டியோடு சேர்ந்துகொள்ளும். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர், நடுவில் பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராக முறுக்கல். பஸ் இறங்கி வந்தால் ஓரத்தில் நின்று வழிவிடுவது உத்தமம். பாதி மலையில் இரண்டு தட்டு. கீழே சமவெளி முழுக்கப் பச்சை, தென்னந்தோப்பு, தூரத்தில் ஜோலார்பேட்டைப் பக்கம். எங்கள் தெரு எது என்று அரைமணி நேரம் தேடினாள். கண்டுபிடித்துவிட்டதாகவே சாதித்தாள். நான் ஒப்புக்கொண்டேன்.

மேலே, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், ஊட்டி மாதிரி ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. அத்தனாவூர் கடைத்தெரு, புங்கனூர் ஏரியில் படகு, பலாப்பழ வாசனை, போனால் போகட்டும் என்கிற மாதிரி ஒரு குளிர்ச்சி. இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். சீசனில் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கார்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஜவ்வாது மலையைக் காட்டினேன். அந்தப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம், 1986-லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "அடுத்த மாசம் அங்க" என்றாள், டீ கிளாஸைக் கீழே வைக்காமல்.

பகல் ஒன்றரைக்குத் திருப்பத்தூர். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதை அத்தை வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இலையில் வடை மட்டும் ஒன்று கூடுதலாக விழுந்தது.

சாப்பிட்டு எழுந்து வந்து பார்த்தால் மாமனார் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துகொண்டிருந்தார். முதுகுப் பட்டையைத் தட்டிப் பார்த்தார். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"மாப்ளை, வெத்தலை வாங்கணும். கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரலாமா?"

கடைத்தெரு தாண்டி, ஜோலார்பேட்டை ரயில்வே கேட் வரைக்கும் போய் வந்தோம். வெற்றிலை வாங்க மறந்துவிட்டார்.