பேட்டையில் ஒரு பிற்பகல்

திருநெல்வேலிச் சீமையில் "பேட்டைக்குப் போகிறேன்" என்று சொன்னால், "எந்தப் பேட்டை?" என்றுதான் கேட்பார்கள். சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டினால் வண்ணாரப்பேட்டை. இன்னும் சில பேட்டைகளும் உண்டு. அடைமொழி ஏதுமின்றி, வெறும் பேட்டை என்ற பெயரோடு, நகரத்துக்கு மேற்கே இருப்பதுதான் நாம் போகவேண்டிய பேட்டை.

ஜங்ஷனில் தென்காசி ரயில் ஏறினால் முதலில் டவுன் ஸ்டேஷன். அதற்கு அடுத்தது பேட்டை. 1904-ம் வருஷத்தில் கொல்லம் வரைக்கும் பூர்த்தியான பழைய பாதை இது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் இந்த ஸ்டேஷனை ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பதில் கவனம் செலுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அருவியும் மலையும் இங்கே இல்லை. சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரிந்து வரும் திருநெல்வேலிக் கால்வாய் இருக்கிறது. அது பாயும் வயல்களில் மிச்சம் இருப்பவை இருக்கின்றன. ம. தி. தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. மற்றபடி, பக்கத்துப் பக்கத்தில் நெருங்கிய வீடுகள், திண்ணையில் பேச்சு.

நான் போனது பேச்சுக்காகத்தான். என் கல்லூரிச் சிநேகிதி ஒருத்தி இங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடுகிறார்கள். கையில் ஒரு புத்தகம், அடுப்பில் ஒரு பண்டம். கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவரும் காரியதரிசியும் கிடையாது. ஆகையால் சண்டையும் அவ்வளவாகக் கிடையாது.

"என்னளா, ஊரு மறந்து போச்சோ?" என்றாள் சிநேகிதி, வாசலிலேயே. அவளுடைய உம்மா, "வா மவளே, ரவை ஊறிக்கிட்டிருக்கு" என்றார். இந்த இரண்டில் எது அதிக அன்பான வரவேற்பு என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ரவை ஊறியது தம்மடைக்காக. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் புகழ்பெற்ற பண்டம் இது. இந்த வீட்டுக்குக் கல்யாண சம்பந்தத்தோடு வந்து சேர்ந்ததாம். 'தம்' பாரசீகத்திலிருந்து வந்த சொல், 'அடை' நம்முடையது. பெயரிலேயே இரண்டு ஊர்களும் சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன! முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, ரவையும் நெய்யும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஏலப்பொடி தூவிச் சற்று நேரம் வைக்கிறார்கள். ரவை பாலைக் குடித்துக் கனத்ததும், நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, மேலே முந்திரிப் பருப்பைப் பதிக்கிறார்கள். பிறகுதான் சங்கதி இருக்கிறது. பாத்திரத்துக்குக் கீழே மெல்லிய தணல். மூடியின் மேலே தேங்காய்ச் சிரட்டைக் கங்கு. கீழே தீ அதிகமானால் அடி கருகும். மேலே குறைந்தால் முகம் வெளுத்துப் போகும். கங்கு தணியத் தணிய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணியோ, ஒரு மணியோ, ஒருவரும் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

வீட்டில் மின்சார அடுப்பும் இருக்கிறது. அவசரத்துக்கு அதிலும் செய்வதுண்டு. உள்ளதைச் சொன்னால், ருசியில் நான் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. ஆனால் மின்சார அடுப்பு மணி அடித்துக் கூப்பிடும். அதுவரையில் ஆளுக்கு ஓர் அறைக்குப் போய்விடலாம். சிரட்டைக் கங்கு அப்படி விடுமா? உட்கார்ந்தால்தான் ஆயிற்று. உட்கார்ந்தால் பேச்சு வராமல் இருக்குமா? துபாயில் இருக்கும் மகன் இந்த வருஷமும் வரவில்லை என்பதும், முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் என்பதும், ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஒரு செருப்பு மட்டும் தொலைந்துபோன கதையும் அந்தத் தணலைச் சுற்றித்தான் வெளிவந்தன.

அன்றைய புத்தகம் தோப்பில் முகமது மீரான் எழுதிய 'சாய்வு நாற்காலி'. 1944-ல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த மீரான், மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே நாவல் எழுதியவர். திருநெல்வேலியைத் தம் ஊராக்கிக்கொண்டு, பேட்டைப் பக்கத்து வீரபாகு நகரில் குடியிருந்தார். இந்த நாவலுக்கு 1997-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 2019-ல் காலமானார். ஆகவே இந்தப் பெண்களுக்கு அவர் அட்டைப்படத்தில் மட்டும் பார்த்த ஆசிரியர் அல்லர், பக்கத்துத் தெருக்காரர்.

கதாநாயகன் முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தபடியே பூர்வீக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறான். மனைவி மரியம் பீவியைப் பிரம்பால் அடிக்கிறான். இதை வைத்துக்கொண்டு சர்ச்சை மூண்டது.

"நம்ம வீட்டு அசிங்கத்தை ஊரெல்லாம் படிக்கணுமா?" என்றார் ஓர் அம்மாள்.

"ஊரு படிக்காட்டி அசிங்கம் இல்லைன்னு ஆயிருமா, பெரியம்மா?" என்றாள் சிநேகிதி.

பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற உபாத்தியாயினி, எல்லா ஜாதியிலும் மதத்திலும் அந்த நாற்காலி உண்டென்று சமாதானம் சொல்லப் பார்த்தார். அது எடுபடவில்லை. அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. அவருக்கு அது புத்தகத்தில் மட்டும் உள்ள விஷயம் அல்ல என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. உம்மா எழுந்து மூடியின் மேல் இரண்டு கங்கு போட்டார்.

இந்த இடத்தில் எனக்கு அந்த இன்னொரு பேட்டை ஞாபகம் வந்தது. ரஸிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வண்ணாரப்பேட்டை வீட்டில் 1920-களில் நடத்திய 'வட்டத் தொட்டி'யைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். தொட்டிக்கட்டில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கம்பனைச் சுவைத்தார்கள். டி. கே. சி.யின் விருந்துபசாரத்தைப் பற்றி அவருடைய சிநேகிதர்கள் எழுதி மாளவில்லை. 1930-ல் அறநிலைய கமிஷனராக அவர் சென்னைக்குப் போனார். கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் தங்கி, 1954-ல் அங்கேயே காலமானார். அவர் போன இடமெல்லாம் ரஸிகர்கள் கூடினார்கள். கூடியவர்களின் பெயர்கள் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் நிற்கின்றன. இலை போட்டவர்களின் பெயர்களைத் தேடினால் அவ்வளவு சுலபமாக அகப்படுவதில்லை. பேட்டைக் கூட்டத்தில் படிக்கிறவர்களும் அடுப்பைப் பார்க்கிறவர்களும் ஒருவரேதான். ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கங்கைக் கிளறுகிறார்கள். கிளறிவிட்டு விட்ட வரியிலிருந்து தொடங்குகிறார்கள்.

அதுவரை வாய் திறவாமல் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள் வீட்டு மருமகள். அவள் நிமிர்ந்து, "அந்த மரியம் பீவி எப்பச் சாப்பிட்டான்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

புத்தகம் கைமாறியது. ஆளுக்கொரு பக்கம் புரட்டினார்கள். உபாத்தியாயினி மூக்குக் கண்ணாடியைத் தேடினார். முகம் சிவந்திருந்த அம்மாளே புத்தகத்தை வாங்கி, விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டு போனார். தம்மடையை எல்லோரும் மறந்தே போனோம். மணம் மாறியபோதுதான் உம்மா ஓடிப்போய் மூடியைத் தூக்கினார். ஓர் ஓரம் கருகியிருந்தது. அதைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, நடுத்துண்டை முதலில் மருமகளின் தட்டில் வைத்தார்.

ஐந்து மணிக்குக் காப்பி வந்தது. தேடிய பக்கம் அதுவரை அகப்படவில்லை. "நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கேன்" என்று புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார் அந்த அம்மாள்.