செல்போர்ண் கிராமத்து ஒற்றையடிப் பாதைகள்

இங்கிலாந்து தேசத்துக்குச் செல்வோர் இலண்டன் மாநகரின் மாளிகைகளையும் நூதனசாலைகளையும் கண்டு களித்து மீள்வதே பெரும்பாலும் வழக்கம். ஆயின், அந்நாட்டு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் நாட்டுப்புறத்திலே ஒரு நாளேனும் கால்நடையாக உலாவி வருதல் வேண்டும். இவ்வெண்ணத்துடன், மே மாத இறுதியிலே ஒரு சனிக்கிழமை காலை, எம் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, ஹாம்ப்ஷயர்ப் பகுதியிலுள்ள செல்போர்ண் என்னும் சிற்றூருக்குப் புறப்பட்டோம்.

இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஓல்ற்றன் என்னும் பட்டினத்துக்குப் புகையிரதத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகச் செல்லும். அங்கிருந்து நான்கைந்து மைல் தூரம் பஸ்வண்டியில் ஏகினால் செல்போர்ணை அடையலாம். ஊர் என்பது ஒரே ஒரு தெரு. அதன் இருமருங்கும் கல்லாலும் செங்கல்லாலும் ஆன பழைய வீடுகள். தெருவுக்குப் பின்னே, சுவர் எழுப்பியது போலச் சுண்ணக்கற் குன்றொன்று செங்குத்தாய் நிற்கின்றது. அதன் சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்திருத்தலின், பசிய திரையொன்றைத் தொங்கவிட்டாற் போன்று தோன்றுகின்றது.

இச்சிறிய ஊர் உலகப் புகழ் பெற்றது ஒரு மனிதராலே. 1720ஆம் ஆண்டு இங்கு பிறந்த கில்பேட் வைற் என்பார், இவ்வூர்த் தேவாலயத்தில் உதவிக் குருவாகப் பணியாற்றியவர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வூரிலேயே கழித்து, இங்குள்ள பறவைகளையும் செடிகளையும் புழுக்களையும் நாள்தோறும் நடந்து நடந்து கவனித்து, கண்டவற்றை நண்பர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அக்கடிதங்களே 1789ஆம் ஆண்டில் செல்போர்ணின் இயற்கை வரலாறு பற்றிய நூலாக வெளிவந்தன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று வகைக் கதிர்க்குருவிகளை அவற்றின் குரலைக் கேட்டே அவர் வேறுபடுத்தினார். மண்புழுக்கள் நிலத்தை வளப்படுத்தும் திறத்தையும், சார்ள்ஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் அதுபற்றி நூல் வெளியிடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, எடுத்துரைத்தார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது.

முதலில் தேவாலய முற்றத்துக்குச் சென்றோம். 1793ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியாரின் கல்லறையில் புகழுரை எதுவும் இல்லை. பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன. அருகே, அவர் காலத்திலேயே 23 அடிச் சுற்றளவு கொண்டிருந்த யூ மரத்தின் அடிப்பகுதி கிடக்கின்றது. 1990ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் புயலில் அது சாய்ந்தது. ஊரவர் அதனைத் தூக்கி நிறுத்திப் பார்த்தும் மரம் பிழைக்கவில்லை. அதன் கிளையிலிருந்து பெற்ற இளங்கன்று ஒன்று முற்றத்தில் வளர்கின்றது.

தேவாலயத்துக்குக் கீழே ஓடைக்கரையை ஒட்டிச் செல்லும் பாதையில் இறங்கினோம். குறுஞ்சரிவு, நெடுஞ்சரிவு என்று பொருள்படும் பெயர்களால் இவ்விடங்களை ஊரவர் அழைப்பர். இவ்வோடை நீர் பல ஆறுகளிற் கலந்து ஈற்றில் தேம்ஸ் நதியை அடைவது. வேலி குறுக்கிடும் இடந்தோறும் ஏறிக் கடப்பதற்கு மரப்படி அமைத்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் எமக்கு யாழ்ப்பாணத்துக் கடவை நினைவுக்கு வந்தது. படலை இருக்கும் இடங்களில், திறந்திருந்ததைத் திறந்தபடியும் சாத்தியிருந்ததைச் சாத்தியும் விட்டுச் செல்லுதல் வழிநடப்போர் ஒழுக்கம். சந்திகளிலே கைகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. மஞ்சள் அம்புக்குறி நடப்போர்க்கு உரியது, நீல அம்புக்குறி குதிரையிற் செல்வோர்க்கும் உரியது.

சில மைல் நடந்தபின், அம்புக்குறி ஒரு கோதுமை வயலின் நட்டநடுவைச் சுட்டி நின்றது. முழங்காலளவு வளர்ந்த பசும்பயிர். அதனூடே ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான அகலத்தில் ஒரு தடம். பயிர் இருபுறமும் சாய்ந்து அதனைப் பாதி மறைத்திருந்தது. விளையும் பயிரை மிதித்தல் பாவம் என்று கற்று வளர்ந்த எமக்குக் கால் எழவில்லை. ஆகவே பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு, வேலியோரமாகச் சுற்றிச் செல்லத் தொடங்கினோம்.

அப்பொழுது தூரத்தே நின்ற உழவு இயந்திரத்திலிருந்து முதியவர் ஒருவர் இறங்கி எம்மை நோக்கி வந்தார். வயலுக்குரிய கமக்காரர் அவர். ஏசப்போகிறார் என்றே எண்ணினோம்.

“ஐயா, அந்த ஓரமாகப் போகாதீர்கள், அது என்னுடைய நிலம். பயிருக்கு நடுவே போவதுதான் உங்களுடைய வழி,” என்றார் அவர்.

நாம் திகைத்து நின்றோம். மரியாதை என்று எண்ணி நாம் தேர்ந்த வழி அத்துமீறலாகவும், அத்துமீறல் என்று அஞ்சிய வழி உரிமையாகவும் இருந்தன! “நான் உழுதாலும் விதைத்தாலும் இரண்டு வாரத்துக்குள் அந்தத் தடத்தைத் திருத்தி, ஒரு மீற்றர் அகலமாவது விடவேண்டும், அதுதான் சட்டம். ஆட்கள் நடந்தால் எனக்கும் வேலை குறைவு. நடவாவிட்டால் பயிர் மூடிவிடும்,” என்று கூறி, தொப்பியைத் தொட்டு விடைபெற்றார்.

இந்தச் சட்டத்தின் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது. பொதுமக்கள் ஒரு தடத்திலே 20 ஆண்டுகள் இடையறாது, பலாத்காரமாகப் புகாமலும், ஒளித்துச் செல்லாமலும், அனுமதி கேளாமலும் நடந்து வந்தார்களாயின், நிலத்துக்குரியவர் அதனைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்தார் என்றே சட்டம் கொள்கின்றது. அவ்வெண்ணம் தமக்கு இல்லை என்று அவர் அக்காலத்தில் அறிவித்திருந்தாலன்றி, பின்னர் மறுக்க இயலாது. 1932ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இவ்விதி, இன்று 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலைபெற்றுள்ளது. அதே 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி, வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தொழிலாளரும் இளைஞரும் தடையை மீறி நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம், பொது வழிகளையெல்லாம் படத்திற் குறித்து வைக்குமாறு உள்ளூராட்சி மன்றங்களைப் பணித்தது. மலையிலும் மேட்டுநிலத்திலும் உலவும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக இன்று ஏறக்குறைய 140,000 மைல் நீளமான பொதுவழிகள் பதிவாகியுள்ளன.

படத்தில் இடம்பெறாது விடுபட்ட வழிகளும் உள. பழைய ஆவணமும் இல்லாவிடின், அத்தகைய வழியை மீட்பதற்கு அங்கு நடந்தோரின் சாட்சியமே துணை. இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இவ்வழியே நடந்தேன் என்று அவர்கள் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சாட்சி கூறும் முதியோர் மறைந்தால் வழியும் அவர்களோடு மறைந்துபோகலாம்.

ஊருக்குத் திரும்பும் வழியிலே ஒரு பள்ள ஒழுங்கையிற் புகுந்தோம். இருபுறமும் கரை எம் தலைக்கு மேல் உயர்ந்து நிற்க, மரவேர்கள் பாம்புகள் போலத் தொங்கின. காட்டு உள்ளியின் மணம் எங்கும் கமழ்ந்தது. இத்தகைய ஒழுங்கைகள் சில வயல்மட்டத்திலிருந்து 16, 18 அடி ஆழம் வரை இறங்கியிருந்ததாக வைற் குறித்துள்ளார். அவற்றை யாரும் திட்டமிட்டு வெட்டவில்லை. பல நூற்றாண்டுகளாக மனிதர் காலும் மாட்டுக் குளம்பும் வண்டிச் சில்லும் மழைநீரும் சேர்ந்து பாறையை அரித்த பள்ளம் அது. “இவ்வளவும் நடந்தே தேய்ந்ததா?” என்று இளைய பிள்ளை சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மாலையிலே குன்றின் மீது ஏறினோம். செங்குத்தான சரிவிலே வளைந்து வளைந்து ஏறும் பாதையை 1753ஆம் ஆண்டில் வைற்றும் அவர்தம் தம்பியாரும் அமைத்தனர். ஏற இயலாதோர்க்கென 1780ஆம் ஆண்டில் சாய்வான வேறொரு வழியும் அமைந்தது. மழை பெய்த மறுநாளாதலின் சுண்ணச்சேறு வழுக்கியது. சப்பாத்துகள் வெண்மை பூசிக்கொண்டன. உச்சியை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, காலையில் நடந்த தெருவும் தேவாலயமும் ஓடைக்கரையும் கைக்கடக்கமாகத் தெரிந்தன. கோதுமை வயல் அவற்றுக்கும் அப்பால் மறைந்திருந்தது.

பஸ்வண்டிக்குக் காத்திருந்த வேளையில் மூத்த பிள்ளை, “எங்கள் ஊர் ஒழுங்கைகளுக்கு யார் சாட்சி?” என்று கேட்டான். 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்த பின்னர், ஆண்டுக்கணக்காக மனிதர் நடமாட்டமின்றிப் பற்றை மூடிக் கிடந்த ஒழுங்கைகள் எத்தனை! நாம் விடை கூறாது, கையிலிருந்த தாளின் பின்புறத்தில் எமது ஊரை வரையத் தொடங்கினோம். கோயிலடி, கிணற்றடி, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே செல்லும் வரம்பு, வேலியிலே கடவை எல்லாம் வந்தன. ஆயின் இரண்டிடங்களில் வழி எப்பக்கம் திரும்பும் என்பது நினைவுக்கு வராமல் எழுதுகோல் நின்றுவிட்டது.

அவ்விரண்டு வழிகளையும் அறிந்த அத்தை ஒருவர் ஊரில் இன்னும் இருக்கிறார். அடுத்த விடுமுறையில் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, பிள்ளைகளும் உடன்வர, அவ்வழிகளில் நடப்பதென்று முடிவு செய்துள்ளோம். உங்கள் வீட்டிலும் முதியோர் இருப்பாராயின், அவரோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். ஒழுங்கைகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.