மூதூர் லோஞ்சில் ஒரு புகைக் குழாய்

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் போயிருக்கிறீர்களா? கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுமுன், தரைவழியே போவோர் துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்கவேண்டும். ஆகவே கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுக்கும் லோஞ்சையே பலரும் நாடினர்.

2003இல் அப்படியொரு பயணம். வாடைக்காற்று. நீர் தெறிக்கிறதென்று படங்கை இழுத்துக் கட்டிவிட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே. ஆண்கள் நாங்கள் மேலே, நல்ல காற்றில். சற்று நேரத்தில் ஒரு தாய் மகனைத் தோளில் போட்டபடி படியருகே வந்தார்.

"தலை வெடிக்குது மௌலவி. புள்ள கண்ணத் திறக்கிறானில்ல."

உள்ளே இன்னும் மூவருக்குத் தலையிடி. கடல் மயக்கமென்று தேசிக்காயை முகர்ந்துகொண்டிருந்தார்கள்!

ஓட்டி எஞ்சினை நிறுத்தி நங்கூரமிட்டார். படங்கை அவிழ்த்து எல்லோரையும் மேலே அழைத்தோம். எஞ்சின் மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. இவ்வகை எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர், பிறகு சுடுபுகையோடு கலந்து தடித்த ரப்பர் குழாய் வழியே வெளியேறும். அக்குழாயை இரும்பு முழங்கையில் இறுக்கும் கிளிப் துருவேறி அறுந்திருந்தது. சுற்றிலும் கரி, கீழே உப்பு. சொட்டும் நீர் கண்ணுக்குத் தெரியும். புகையோடு கசியும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நஞ்சு அது. டீசல் எஞ்சினில் பெற்றோலைவிடக் குறைவுதான். மூடிய அறையில் அந்தக் குறைவை நம்பியிருக்க முடியாது.

குழாய் ஆறும்வரை காத்திருந்தோம். புயலில் பாய்மரத்தை இழந்து, கப்பலைச் செப்பனிட 1659இல் இதே குடாவுக்கு வந்த கப்பலில்தான் றொபேட் நொக்ஸும் வந்தார். கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 19 ஆண்டுகள் கழிந்தன. எங்களுக்கு அரை மணி நேரமே கழிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஓட்டி குழாயின் வெடித்த நுனியை வெட்டினார். முழங்கையின் துருவை அரத்தாளால் தேய்த்து, சவர்க்கார நீர் தடவி, குழாயை முழு ஆழத்துக்கும் தள்ளினார். துருப்பிடிக்காத கிளிப் இரண்டை அருகருகே போட்டு, திருகுகளை எதிரெதிர்ப் பக்கமாக வைத்து முறுக்கினார். அந்தக் கிளிப்புகள் அவருடைய பெட்டியிலேயே கிடந்தன!

"முந்தியே மாத்தியிருக்கலாமே தம்பி?"

"தண்ணிதானே சொட்டுது எண்டு இருந்திட்டன் மௌலவி."

எஞ்சினை ஓடவிட்டு மூட்டைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. அதற்குள் காற்றுப்பட்ட பையன் கண்விழித்துத் தண்ணீர் கேட்டான். ஓட்டி மீண்டும் படங்கை எடுத்தபோது அந்தத் தாய் தடுத்தார்.

"நனைஞ்சாப் பரவாயில்ல தம்பி, கட்டாதீங்க."

மூதூர்த் துறையில் எல்லோரும் நனைந்துதான் இறங்கினோம்.